திண்ணைப் பள்ளிக்கூடம்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது, தமிழ் பேசும் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை பரவலாக இருந்த, ஓர் ஆசிரியரைக் கொண்ட ஊர்ப் பள்ளிக்கூடம் ஆகும். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபம், சாவடி, மரத்தடி போன்ற இடங்களிலோ இது நடைபெற்றது. வெவ்வேறு வயதுடைய மாணவர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றனர். அரசின் பொருளுதவியோ மேற்பார்வையோ இன்றி, மாணவர்களின் பெற்றோர் தந்த கூலியையும் தானியத்தையும் கொண்டே இப்பள்ளிகள் இயங்கின.

ஆங்கிலேய ஆட்சி ஆவணங்களில் இவை 'பையால் பள்ளிகள்' எனக் குறிக்கப்பட்டன. திண்ணையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இலங்கையில் யாழ்ப்பாணப் பகுதியிலும் இத்தகைய பள்ளிகள் இருந்தன.

அமைப்பு

திண்ணைப் பள்ளிக்கூடத்திற்கெனத் தனிக் கட்டடம் பெரும்பாலும் இருந்ததில்லை. தெருவை நோக்கிய, கூரையுடைய திண்ணையும் அதன் மேல் பரப்பிய மணலுமே போதுமானவையாக இருந்தன. நாற்காலி, மேசை, கரும்பலகை ஆகியவை இல்லை. வகுப்புப் பிரிவு, ஆண்டுத் தேர்வு, சான்றிதழ் ஆகியனவும் இல்லை. ஒரு மாணவன் தான் கற்க வேண்டிய சுவடியை மனப்பாடமாக ஒப்பித்த பின்னர் அடுத்த சுவடிக்குச் சென்றான். எனவே ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேறினர். வழக்கமாக ஐந்து வயதளவில் பள்ளியில் சேர்த்தனர். விசயதசமி நாள் அதற்கு உகந்ததாகக் கருதப்பட்டது.

பள்ளி விடியற்காலையில் தொடங்கி, உணவுக்கான இடைவேளைகளுடன் மாலை வரை நடைபெற்றது. அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் திருவிழாக்களின் போதும் விடுமுறை விடப்பட்டது. அறுவடைக் காலங்களில் மாணவர் வரவு குறைவது இயல்பு.

ஆசிரியர்

ஆசிரியர் கணக்காயர், உபாத்தியாயர், வாத்தியார் என அழைக்கப்பட்டார். தென் மாவட்டங்களில் அண்ணாவி என்ற பெயரும் வழங்கியது. யாழ்ப்பாணத்தில் சட்டம்பியார் என்றனர். ஆசிரியருக்கு மாதக் கூலியுடன் நெல், காய்கறி, பண்டிகைக் காலங்களில் துணி முதலியனவும் கிடைத்தன. நவராத்திரியின் போது மாணவர்கள் ஆசிரியருடன் வீடு வீடாகச் சென்று பாடி, ஆசிரியருக்கான அன்பளிப்பைப் பெறுவதும் வழக்கம்.

இவ்வருவாய் மிகக் குறைவு. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ தமது 1826ஆம் ஆண்டுக் குறிப்பில், மாணவர் ஒருவர் மாதத்திற்கு நான்கு முதல் எட்டு அணா வரை செலுத்துவதாகவும், ஆசிரியரின் மாத வருவாய் பொதுவாக ஆறு அல்லது ஏழு ரூபாயைத் தாண்டுவதில்லை எனவும் பதிவு செய்துள்ளார். தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வர இத்தொகை போதாது என்பது அவரது கருத்து.

எழுத்துப் பயிற்சி

தொடக்கநிலை மாணவர்கள் மணலில் விரலால் எழுதினர். ஆசிரியரோ மூத்த மாணவரோ எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல, மாணவன் அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டே எழுதுவான். படிப்பதும் எழுதுவதும் இவ்வாறு ஒரே நேரத்தில் பயிற்றுவிக்கப்பட்டன. எழுதியதை அழித்து மீண்டும் எழுத மணலைத் தடவினால் போதும் என்பதால் செலவும் இல்லை.

கை பழகிய பின்னர் மாணவனுக்கு எழுத்தாணியும் பனையோலையும் தரப்பட்டன. ஓலையை வாருதல், துளையிடுதல், கோத்துக் கட்டுதல் ஆகியவற்றையும் மாணவர்கள் கற்றனர். ஓலையில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. அதனால் ஓர் எழுத்தை மெய்யாகப் படிப்பதா உயிர்மெய்யாகப் படிப்பதா என்பதை இடமறிந்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதனால் நூலை முன்னரே மனப்பாடமாக அறிந்திருப்பது ஓலையைப் படிப்பதற்கும் துணையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்களும் சிலேட்டும் பரவிய பின் இம்முறை படிப்படியாக மறைந்தது.

பாடங்கள்

மொழிப் பாடம் அரிச்சுவடியில் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்கள் கற்பிக்கப்பட்டன. மேற்கொண்டு படித்தோர் சதகங்களையும் நிகண்டையும் கற்றனர். நிகண்டு செய்யுள் வடிவில் அமைந்த சொற்பொருள் நூல். அகராதியைப் போலப் புரட்டிப் பார்ப்பதற்கு மாறாக, அது முழுவதுமாக மனப்பாடம் செய்யப்பட்டது. நன்னூல் போன்ற இலக்கண நூல்களைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் திண்ணைப் பள்ளியை விட்டுத் தனியே ஒரு புலவரை நாடிச் சென்றனர்.

பாடல்களுக்குப் பொருள் கூறுவது குறைவு. 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல், தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றிய அறிக்கையில் இதனை முதன்மையான குறையாகச் சுட்டினார். மாணவர்கள் பழைய செய்யுள்களைப் பிழையின்றி ஒப்பித்தாலும் அவற்றின் பொருளை அறியாதிருந்தனர் என்றார். அவரது அறிக்கை கன்னட, தெலுங்குப் பள்ளிகளைப் பற்றியது. எனினும் அது விவரிக்கும் பயிற்சி முறை தமிழ்ப் பகுதிகளில் இருந்ததைப் பெரிதும் ஒத்துள்ளது.

பாடல்களுடன் கடிதம், விண்ணப்பம், பற்றுச்சீட்டு முதலியவற்றை எழுதவும், பலருடைய கையெழுத்தில் அமைந்த ஓலைகளைப் படிக்கவும் மாணவர்கள் பழகினர். ஊர்க் கணக்கு, வணிகம், நில உரிமை ஆகியவற்றில் ஈடுபட்ட குடும்பங்களுக்கு இப்பயிற்சி நேரடியாகப் பயன்பட்டது.

கணக்கு

திண்ணைப் பள்ளியின் பாடங்களில் மிக விரிவானது கணக்கே ஆகும். மாணவர்கள் மனப்பாடம் செய்த வாய்பாடுகளின் தொகுப்பு எண்சுவடி எனப்பட்டது. அக்காலத்தில் பயன்பட்ட முதன்மையான சுவடிகள்:

- பொன்னிலக்கம்: எண்களையும் பின்னங்களையும் அவற்றின் கூட்டல் முறையையும் கூறுவது.
- நெல்லிலக்கம்: தானிய அளவைகளைக் கூறுவது.
- எண்சுவடி: முழு எண்கள், பின்னங்கள் ஆகியவற்றின் பெருக்கல் வாய்பாடு.
- குழிமாற்று: நிலத்தின் பரப்பளவைக் கணிக்க உதவும் பெருக்கல் வாய்பாடு.

தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குத் தனிப்பெயர்களும் தனிக்குறிகளும் இருந்தன. 1/320 முந்திரி எனப்பட்டது. நான்கு முந்திரி ஒரு காணி (1/80), நான்கு காணி ஒரு மா (1/20), ஐந்து மா ஒரு கால் (1/4) ஆகும். ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது மாகாணி (1/16). இதற்கு வீசம் என்றும் பெயர். ஒரு முந்திரியை மேலும் 320 பகுதிகளாக்கினால் கிடைப்பது கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. கால் பங்கில் கால் பங்கு எவ்வளவு என்று கேட்டால், மாணவன் கணக்குப் போடாமலேயே 'மாகாணி' என்று விடை கூறுவான். விடை ஏற்கெனவே அவன் நினைவில் இருந்தது.

தானிய அளவையில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். எனவே ஒரு கலம் 96 நாழி ஆகும். இவ்வாறு மடங்கு மாறிக்கொண்டே செல்லும் அளவைகளில் கணக்கிடுவது பத்தின் மடங்குகளில் கணக்கிடுவதைக் காட்டிலும் கடினம்.

நில அளவையில் அளவுகோலின் நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குழி. தஞ்சைப் பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பக்கத்திற்குப் பதினாறு கோல் உள்ள சதுர வயலின் பரப்பு 256 குழி, அதாவது 2 மா 56 குழி எனக் குழிமாற்றைக் கற்ற சிறுவன் வயல் வரப்பில் நின்றபடியே கூற முடிந்தது. ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு 'மா' என்பதும், 1/20 என்ற பின்னத்தின் பெயர் 'மா' என்பதும் வாய்பாட்டிற்கும் ஊர் வாழ்க்கைக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்டுகின்றன. குத்தகை, வாரம், வட்டி, வரி ஆகியவற்றில் ஏமாறாதிருக்க இவ்வறிவு தேவைப்பட்டது. இவ்வறிவு கிடைக்காத உழைப்பாளிகள் தமக்குரிய கூலி நெல்லின் அளவுக்குக் கூடக் கணக்கறிந்தவரையே நம்ப வேண்டியிருந்தது.

திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் செந்தில்பாபு, இங்கு மனப்பாடம் என்பது பொருளறியாத ஒப்பித்தலாக மட்டும் இருக்கவில்லை எனக் காட்டியுள்ளார். நினைவே கணக்கிடுவதற்கான கருவியாக இருந்தது. ஓலையில் எழுதிக் கணக்கிடுவது எளிதாக இல்லாத சூழலில், வாய்பாடுகளை நினைவில் கொண்டிருந்தவரே விரைவாகக் கணக்கிட முடிந்தது.

சட்டாம்பிள்ளை

ஒரே ஆசிரியர் பல நிலை மாணவர்களுக்குக் கற்பிப்பது சட்டாம்பிள்ளை முறையால் சாத்தியமாயிற்று. மாணவர்களுள் மூத்தவனும் தேர்ந்தவனுமான ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்த்தப்பட்டான். இளைய மாணவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, பாடம் ஒப்பிக்கக் கேட்பது, வராத மாணவர்களை வீட்டிற்குச் சென்று அழைத்து வருவது, ஆசிரியர் இல்லாத போது ஒழுங்கைக் காப்பது ஆகியன அவனுடைய பணிகள். பெல்லாரிப் பள்ளிகளில் மாணவர்கள் நான்கு பிரிவுகளாக இருந்ததாகவும், கீழ்ப்பிரிவுகள் மூத்த மாணவர் பொறுப்பில் விடப்பட்டதாகவும், ஆசிரியர் மேற்பிரிவுக்குக் கற்பித்தபடியே பள்ளி முழுவதையும் கண்காணித்ததாகவும் கேம்பல் கூறுகிறார்.

இம்முறையால் மூத்த மாணவன் தான் கற்றதை மீண்டும் உறுதிப்படுத்திக்கொண்டான். மறுபுறம், சட்டாம்பிள்ளையின் கொடுமைக்கு இளையவர்கள் ஆளாவதும் உண்டு. அதிகாரம் செய்பவரைக் குறிக்கச் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்ற சொல் தமிழில் இன்றும் வழங்குகிறது.

தண்டனைகள்

திண்ணைப் பள்ளித் தண்டனைகள் கடுமையானவை. பிரம்படியுடன், தோப்புக்கரணம் போடுதல், முட்டிபோடுதல், விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் போன்றவையும் இருந்தன. பள்ளிக்கு முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவதும், இரண்டாமவன் கையில் சுழி இடுவதும், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடியும் அடுத்தடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடுதலாகவும் தருவதும் வழக்கம் எனக் கேம்பலின் அறிக்கை கூறுகிறது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) தமது தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் தாம் பயின்ற திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை விவரித்துள்ளார்.

சென்னை முறையும் இங்கிலாந்தும்

வெளிநாட்டினர் பலர் இப்பயிற்சி முறையால் கவரப்பட்டனர். இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதியில், சிறுவர்கள் கோயில் முகப்பில் அமர்ந்து, ஆசிரியர் இன்றியே இசையுடன் சொல்லியபடி மணலில் எழுதிக் கணக்குக் கற்றதைப் பதிவு செய்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் எழுத்துகளைக் கற்றார்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் (1753–1832) 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். துணையாசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். இதன் வெற்றியைக் கண்டு பள்ளி முழுவதையும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறைக்கு மாற்றினார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797இல் இதனைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்ற இது, 1811இல் தொடங்கப்பட்ட தேசியக் கழகத்தின் பள்ளிகள் வழியாக இங்கிலாந்தின் ஏழைச் சிறார்களுக்குக் கல்வி தரப் பயன்பட்டது. அதே காலத்தில் இலண்டனில் சோசப்பு இலங்காசுடர் என்பவரும் இதை ஒத்த முறையைப் பரப்பினார்.

பெல் இம்முறையைத் தமது கண்டுபிடிப்பாகவே முன்வைத்தார். மணலில் எழுதும் வழக்கத்தை மட்டுமே உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பெற்றதாகக் கூறினார். எனினும் முன்னேறிய மாணவர் பின்தங்கியோருக்குக் கற்பிக்கும் உள்ளூர் முறை பாராட்டத்தக்கது என்றும், இங்கிலாந்தில் அது பின்பற்றப்பட்டது தகுதியானதே என்றும் கேம்பல் 1823இல் எழுதினார்.

1822ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு

தாமசு மன்றோ 1822 சூன் 25 அன்று, மாகாணத்திலுள்ள பள்ளிகள், மாணவர்கள் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறு ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்களின் அறிக்கைகளைத் தொகுத்து 1826 மார்ச்சு 10 அன்று அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களைக் கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மாணவர்களுள் ஆண்கள் 1,84,110 பேர், பெண்கள் 4,540 பேர். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினரும், வீட்டில் கற்போரையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும் கல்வி பெற்றனர் என மன்றோ மதிப்பிட்டார். இந்நிலை அண்மைக் காலம் வரை பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் இருந்ததை விட மேலானது என்றும் குறிப்பிட்டார்.

இக்கணக்கெடுப்பு பின்னாளில் பெரும் விவாதத்திற்கு உள்ளானது. 1931 அக்டோபர் 20 அன்று இலண்டனில் உரையாற்றிய காந்தி, இந்தியாவின் பழைய கல்வி முறையை ஓர் அழகிய மரத்திற்கு ஒப்பிட்டு, ஆங்கிலேயர் அதன் வேரைத் தோண்டிப் பார்த்து அப்படியே விட்டுவிட்டதால் அது பட்டுப்போயிற்று என்றார். கல்வியாளர் பிலிப்பு ஆர்டாக் இக்கூற்றை மறுத்தார். தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் ஆட்சியர்களின் அறிக்கைகளை முழுமையாகப் பதிப்பித்தார். தமிழ் பேசும் மாவட்டங்களின் பள்ளி மாணவர்களுள் இருபிறப்பாளர் எனப்பட்டோர் தென்னார்க்காட்டில் 13 விழுக்காடு, சென்னையில் 23 விழுக்காடு என்ற அளவிலேயே இருந்ததையும், சூத்திரர் எனவும் பிற சாதியினர் எனவும் வகைப்படுத்தப்பட்டோரே பெரும்பான்மையினர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

விலக்கப்பட்டோர்

மேற்கண்ட எண்ணிக்கைகள் திண்ணைப் பள்ளி எல்லோருக்கும் திறந்திருந்தது என்பதற்குச் சான்றாகா. 'சூத்திரர்' என்ற வகைப்பாட்டில் நிலவுடைமையாளர், வணிகர், கணக்கர் எனப் பலர் அடங்குவர். மன்றோவின் கணக்கிலேயே நூறு மாணவர்களுக்கு மூன்று பெண்கள் கூட இல்லை. பெண்களுள் கல்வி பெற்றோர் கோயில் ஆடல் மகளிரும் ஒரு சில சாதியினருமே என அவர் எழுதியுள்ளார்.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் தடையாக இருந்தது கூலி மட்டுமன்று. திண்ணை ஒரு வீட்டின் பகுதி. அவ்வீடு இருந்த தெருவில் நடக்கவே உரிமை இல்லாத பிள்ளைகள் அத்திண்ணையில் அமர இயலாது. பள்ளிக்கெனப் பொதுக் கட்டடம் தேவையில்லை என்பது இம்முறையின் சிக்கனமாக இருந்ததைப் போலவே, விலக்குதலுக்கும் காரணமாயிற்று. இம்மக்களுக்கான கல்வி சமயப் பரப்புக் குழுக்களின் பள்ளிகள், சென்னை ஊரூரில் 1894இல் ஆல்காட்டு தொடங்கிய இலவசப் பள்ளி போன்ற தனி முயற்சிகள், பின்னர் அரசுப் பள்ளிகள் ஆகியவற்றின் வழியாகவே வந்தது.

யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் அமெரிக்க இலங்கைச் சமயக் குழு ஊர்ப் பள்ளிகளை நடத்தியது. நல்லூரில் திண்ணைப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற ஆறுமுக நாவலர் (1822–1879), 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புப் பிரிவு முறையைப் பின்பற்றிய அவர், மாணவர் நிலைக்கேற்பப் படிப்படியாக அமைந்த பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். திண்ணைப் பள்ளியின் உள்ளடக்கத்திலிருந்தும் முறையிலிருந்தும் விலகிய புதிய பள்ளிக்கு இது ஒரு முன்னோடியாகும்.

மறைவு

திண்ணைப் பள்ளிகள் ஓர் ஆணையால் மூடப்படவில்லை. பல காரணங்கள் சேர்ந்து அவற்றை மறையச் செய்தன.

- வறுமை: ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவாளர் நலிந்ததையும், பெற்றோர் பலர் கூலி செலுத்த இயலாது பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதையும் கேம்பல் 1823இலேயே குறிப்பிட்டுள்ளார்.
- அரசு முயற்சிகள்: மன்றோ திட்டமிட்ட மாவட்ட, வட்டப் பள்ளிகள் அவர் 1827இல் இறந்த பின் வலுவிழந்து, 1830களில் கைவிடப்பட்டன. 1835க்குப் பின் அரசின் கவனம் ஆங்கிலக் கல்விக்குச் சென்றது.
- மானிய முறை: 1854ஆம் ஆண்டு உட்டு அறிக்கைக்குப் பின் மானியம் பெற விரும்பிய ஆசிரியர்கள் அரசு வகுத்த பாடத்திட்டத்தையும் ஆய்வாளரின் தேர்வையும் ஏற்க வேண்டியதாயிற்று. திண்ணைப் பள்ளிகள் பல இவ்வாறு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளாக மாறின.
- வேலைவாய்ப்பு: அரசுப் பணிகளுக்குத் தேர்வும் சான்றிதழும் கட்டாயமானபின், சான்றிதழ் தராத பள்ளியின் மதிப்புக் குறைந்தது.
- அளவைகள்: 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் அளவைகளும், 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயமும் வந்தன. அதுவரை எஞ்சியிருந்த பின்ன வாய்பாடுகளும் இதனால் பயனற்றுப் போயின.

தாக்கம்

ஓர் ஆசிரியர், ஓர் அறை என்ற அமைப்பு திண்ணைப் பள்ளியுடன் முடிந்துவிடவில்லை. விடுதலைக்குப் பின் சிற்றூர்களில் திறக்கப்பட்ட பள்ளிகள் பல ஓராசிரியர் பள்ளிகளாகவே இருந்தன. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின்படி வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என வகுத்தது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், மாணவர் எண்ணிக்கை அறுபது வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்களைக் கட்டாயமாக்கியது.

பல நிலை மாணவர்கள் ஒரே அறையில் தத்தம் வேகத்தில் கற்பது தொடக்கக் கல்வியில் மீண்டும் கவனம் பெற்றது. 2007–08 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறை இக்கருத்தைக் கொண்டிருந்தது. அதன் மூலம் வேறு. எனினும், வகுப்பு முழுவதும் ஒரே நாளில் ஒரே பாடத்தைக் கற்க வேண்டியதில்லை என்பதில் இரண்டும் ஒத்துள்ளன. பெண்களும் ஒதுக்கப்பட்ட பிரிவினரும் அதே அறையில் அமர்ந்து கற்பது திண்ணைப் பள்ளியிலிருந்து அதனை வேறுபடுத்தும் முதன்மையான மாற்றமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- அரிச்சுவடி
- எண்சுவடி
- தமிழர் அளவைகள்
- ஆண்ட்ரூ பெல்
- ஓராசிரியர் பள்ளி
- செயல்வழிக் கற்றல்